தேவரியா தால்: அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கே: அக்டோபரில் நான், அம்மா, தம்பி மூவரும் கேதார்நாத் போகிறோம். ஒரு நாள் கூடுதலாகக் கையில் இருக்கிறது. பக்கத்தில் தேவரியா தால் என்று ஒரு மலை ஏரி, காட்டு வழியே நடந்துபோய் அன்றே திரும்பிவிடலாம் என்கிறார்கள். அம்மாவுக்கு 63 வயது, லேசாக மூட்டுவலி. கூட்டிப் போகலாமா?
- வாசகி, திண்டுக்கல்

ப: தாராளமாக. ஆனால் கேதார்நாத் ஏறி இறங்கிய மறுநாளே வேண்டாம், நடுவில் ஒரு நாளாவது அம்மாவின் கால் ஓயட்டும். முடிந்தால் ஏரியை முதலில் பார்த்துவிட்டு கேதார்நாத்துக்குப் போங்கள்.

ருத்ரபிரயாகையிலிருந்து மந்தாகினி ஆற்றின் ஓரமாகவே போகும் சாலையில் அகஸ்தியமுனி என்று ஓர் ஊர் வரும், ஆமாம், நம் அகத்தியர்தான், கோயிலும் இருக்கிறது, வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அதைத் தாண்டி குண்ட் என்ற இடத்தில் கேதார்நாத் சாலையை விட்டுப் பிரிந்து ஊக்கிமடம் வழியாக சாரி கிராமம். நடை அங்கிருந்துதான். சுமார் இரண்டரை கிலோமீட்டர், அவ்வளவே. ஆனால் அதற்குள் நானூறு மீட்டர் போல ஏற வேண்டும், கல் பாவிய பாதை, பல இடங்களில் மாடிப்படி மாதிரி செங்குத்து. நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். உயரத்தை நினைத்து பயப்பட வேண்டாம்: ஏரி இருப்பது சுமார் 2,400 மீட்டரில், நம் தொட்டபெட்டா அதைவிட உயரம். மூச்சு வாங்கினால் அது பெரும்பாலும் ஏற்றத்தால்தான்.

மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. அந்தக் கற்கள் பனியில் நனைந்தால் வழுக்கும். நான் போனபோது புதுச் செருப்பு போட்டுக்கொண்டு ஜம்பமாக இறங்கி, வழியில் உள்ள ஒரு கோயில் திருப்பத்தில் வழுக்கி விழுந்து, உட்கார்ந்த இடம் இரண்டு நாள் வலித்தது. பிடிப்புள்ள ஷூவும் ஒரு கைத்தடியும் கட்டாயம்.

விடியும்போதே கிளம்பிவிடுங்கள். மதியத்துக்குள் மேகம் ஏறிவிட்டால் எதிரே மலை இருந்ததற்கான அடையாளமே இருக்காது. முந்தைய இரவு சாரியிலேயே தங்குவது உத்தமம், வீட்டோடு சேர்ந்த அறைகள் கிடைக்கும். மேலே கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது, அதற்குப் பிறகு கெடுபிடி அதிகம்.

கே: இவ்வளவு தூரம் போய்ப் பார்க்க அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?
- வாசகர், திருப்பூர்

ப: உண்மையைச் சொன்னால், ஏரி என்று பெயரே தவிர நம்மூர் ஊருணி அளவுதான், சுற்றிவர இருபது நிமிடம் போதும். ஓக் மரக் காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்ததும் புல்வெளி, நடுவில் தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் 7,138 மீட்டர் சௌகம்பா சிகரம் தலைகீழாக. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மாடு வந்து சாவகாசமாக வாயை வைத்தது. வட்டம் வட்டமாக அலை கிளம்பி, சிகரங்கள் ஒவ்வொன்றாக நெளிந்து, கடைசியில் வெறும் வெள்ளைக் கோடுகளாகிவிட்டன. மாடு குடித்து முடித்து, தண்ணீர் அடங்கி, மலை திரும்பி வரும்வரை யாரும் பேசவில்லை.

மார்ச், ஏப்ரலில் போனால் புராஞ்ச் மரங்கள் பூத்துக் காடே சிவந்திருக்கும். அந்தப் பூவில் சர்பத் போட்டு விற்பார்கள், வாங்கிக் குடியுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம்: மழை, மண்சரிவு.

கே: யட்சன் தருமரைக் கேள்வி கேட்டது இந்த ஏரிக்கரையில்தானா? அதில் குளிக்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

ப: நாம் நச்சுப்பொய்கை என்று சொல்லும் அதே கதைதான், அந்த ஊர்க்காரர்கள் இந்த இடம்தான் என்கிறார்கள். பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள கட்டாஸ்ராஜ் குளத்துக்கும் இதே கதை உண்டு, ஆக யட்சனுக்கு இரண்டு முகவரி. குளிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். தேவர்கள் நீராடும் இடம் என்று ஊரார் கும்பிடுகிற தண்ணீர், அதிலும் அக்டோபர் காலையில் கையை நனைத்தாலே விறைத்துப் போகும்.