முகப்பு கடைசியில் வரட்டும்

கேள்வி: எங்கள் தனியார் பள்ளிக்கு 35 வயதாகிறது. அவ்வப்போது ஒட்டிக் கட்டிய மூன்று கட்டடங்கள். நிர்வாகக் குழுவில் சிலர் கண்ணாடி முகப்பு, எல்லா வகுப்புக்கும் ஏசி, ஸ்மார்ட் போர்டு என்கிறார்கள். பணம் அளவாகத்தான் இருக்கிறது. பள்ளியை மூடவும் முடியாது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: 35 வருடக் கட்டடம் என்றால் முதல் செலவு கட்டமைப்புப் பொறியாளருக்குத்தான். அவர் சில இடங்களில் துளையிட்டுக் கான்கிரீட்டை உருளையாக வெட்டி எடுப்பார். அதை உடைத்து, உடைந்த முகத்தில், காரத்தன்மையை நிறத்தால் காட்டும் பினாப்தலின் கரைசலைத் தெளிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல கான்கிரீட் சட்டென்று ரோஸ் நிறமாகும். கரியமில வாயு புகுந்து காரத்தன்மை போன பகுதி அப்படியே இருக்கும். நிறம் மாறாத அந்தப் பட்டை உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வரை எட்டிவிட்டதா? அப்படியானால் கம்பிக்கு இருந்த காப்பு போய்விட்டது. ஈரம் பட்டால் துரு ஏறும், துரு உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். இது தெரியாமல் இன்னொரு மாடி எழுப்பும் பேச்சே வேண்டாம்.

அடுத்தது சத்தம். புதுப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். காலி வகுப்பில் ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். ஓசை வால் பிடித்து இழுபட்டால், ஆசிரியரின் ஒரு சொல் அடங்கும் முன் அடுத்த சொல் அதன் மேல் ஏறுகிறது என்று அர்த்தம். கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேருவது வெறும் இரைச்சல். வழக்கமான அளவுள்ள வகுப்பில் இந்த எதிர்முழக்கம் 0.6 வினாடிக்குள் அடங்க வேண்டும். கூரையிலும் பின்சுவரிலும் ஒலி உறிஞ்சும் பலகைகளைப் பதித்தாலே பெரும்பாலும் போதும். பளபளக்கும் டைல்ஸ் சுவரோ நிலைமையை மோசமாக்கும்.

ஏசி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஜன்னலைச் சாத்திவிட்டு 40 பேரை உட்கார வைத்தால் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். அதை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி வகுப்பில் வையுங்கள். 1000 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 1000 பங்கைத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை. பிள்ளைகள் கொட்டாவி விடுவதற்குப் பாடத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏசி வேண்டும் என்றால் வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறியும் சேர்த்தே திட்டத்தில் இருக்கட்டும்.

வெளிச்சமா? ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதன் சுமார் இரண்டு மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். ஜன்னலை அகலமாக்குவதைவிட உயர்த்துவது நல்லது. முழுக் கண்ணாடி முகப்பு வெயில் படும் பக்கம் அமைந்தால் வெப்பமும் வரும், போர்டில் கூசும். அப்புறம் திரைச்சீலை போட்டு மூடிவிட்டுப் பகலில் விளக்கு எரிப்பீர்கள்.

ஒரு பள்ளியில் பால்ஸ் சீலிங், பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் பழைய வயரிங் புதுச் சுமையைத் தாங்காது என்பது தெரிந்தது. அடுத்த விடுமுறையில் அதே சீலிங்கைப் பிய்த்தார்கள். நானும் அந்த வேலையில் இருந்தேன், முன்பே அழுத்திச் சொல்லாதது என் தப்பும்தான். கசிவு, குழாய், வயரிங், அதன் பிறகே பூச்சு. ஸ்மார்ட் போர்டு கடைசியில் வாங்கினால் போதும். இப்போது அதற்கான வயர் போகும் குழாய் வழியை மட்டும் சுவருக்குள் விட்டுவையுங்கள்.

பள்ளியை மூடாமல் செய்ய வேண்டுமானால் முதலில் நாலைந்து மாற்று வகுப்பறைகளைத் தயார் செய்யுங்கள். ஒரு கட்டடத்தைக் காலி செய்து, முடித்து, அடுத்ததற்குப் போகலாம். உடைப்பு வேலை விடுமுறையில் மட்டும். வேலையாட்களுக்குத் தனி வாசல், தனி வழி. எந்தக் கட்டத்திலும் அவசர வழி ஒன்றுகூட அடைபடக் கூடாது.

வரைபடம் போடும் முன் கழிப்பறையைப் பற்றிப் பிள்ளைகளிடமே கேளுங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம். அங்கே போக நேரக் கூடாதென்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால், கண்ணாடி முகப்புக்கு ஒதுக்கிய பணம் எங்கே போக வேண்டும் என்பதைக் குழுவே முடிவு செய்துவிடும்.