அப்பீலிலும் ஜெயித்தாச்சு, இனி எந்தத் தீர்ப்பு செல்லும்?

கேள்வி: நிலத்தின் சுவாதீனம் கேட்டுப் போட்ட வழக்கில் முன்சீப் கோர்ட் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எதிராளியின் அப்பீலை சப் கோர்ட் தள்ளுபடி செய்து, கீழமைத் தீர்ப்பை 'உறுதி செய்தது'. இதற்கு என்ன அர்த்தம்?

பதில்: முடிவு மாறவில்லை. ஆனால் முன்சீப் கோர்ட் டிகிரி (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் தீர்ப்பாணை) இப்போது சப் கோர்ட் டிகிரிக்குள் இணைந்துவிட்டது; இனி செல்லுவது பின்னதுதான். இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. டிகிரியை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவுக்கான 12 ஆண்டுக் கெடு அப்பீல் டிகிரி தேதியிலிருந்துதான் ஓடும். (கட்டியதை இடிக்கச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை என்றால் 3 ஆண்டுதான். இதில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய.)

நிறைவேற்று மனு போட வேண்டிய இடம் பழைய முன்சீப் கோர்ட்டேதான். பலர் அசல் வழக்கின் டிகிரி நகலை மட்டும் வைத்துத் தாக்கல் செய்துவிட்டு, மனு திரும்பி வந்ததும் முழிக்கிறார்கள். அப்பீல் டிகிரியின் சான்றிட்ட நகலையும் சேருங்கள். மனுவில் அப்பீல் எண், தேதி, முடிவு மூன்றையும் எழுதுங்கள்.

அப்பீல் நிலுவையில் இருந்தபோது எதிராளி வாங்கிய இடைக்காலத் தடை, அப்பீல் முடிந்ததோடு போயிற்று. அவர் ஹைகோர்ட்டில் இரண்டாம் மேல்முறையீடு போட்டாலும், தனியாகத் தடை வாங்காதவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் மேல்முறையீட்டுக்கு அவருக்கு உள்ள அவகாசம் 90 நாள். நகலுக்காகக் காத்திருந்த நாட்கள் இதில் சேராது. இங்கேதான் ஒரு சிக்கல்: என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று ஹைகோர்ட்டில் நீங்கள் முன்கூட்டியே போடும் கேவியட் மனுவின் ஆயுளும் 90 நாள்தான். தீர்ப்பு வந்த கையோடு போட்டால், அவர் கெடுவின் கடைசியில் தாக்கல் செய்யும்போது அது காலாவதியாகியிருக்கும். தேதி குறித்து வைத்து மறுபடி போடுங்கள். உங்கள் மாவட்டம் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு உட்பட்டதென்றால் அங்கே.

இரண்டாம் மேல்முறையீட்டில் சாட்சியத்தைப் பொதுவாகத் திரும்ப எடை போடமாட்டார்கள். முக்கியமான சட்டப் பிரச்சினை இருக்க வேண்டும். இரண்டு கோர்ட்டும் ஒரே மாதிரி சொன்னது உங்களுக்குப் பெரிய பலம். ஆனாலும் சப் கோர்ட் தீர்ப்பை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். தீர்மானிக்க வேண்டிய அம்சங்களை வகுத்து, சாட்சியத்தை அலசி, காரணம் எழுதியிருக்கிறதா? "கீழமை நீதிமன்றம் சொன்னது சரி" என்று ஒரே பத்தியில் முடிந்திருந்தால், எதிராளி அதையே குறையாகக் காட்டி, வழக்கைச் சப் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பக் கேட்பார்.