பழைய மென்பொருளை மாற்றும் முன்: நீலகிரி சிறுதொழில்களுக்கான கேள்வி பதில்

குன்னூரில் இருந்துகொண்டு பதினெட்டு ஆண்டுகளாகத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் அமைத்துத் தருகிறேன். பழைய மென்பொருளைப் புதுப்பிப்பது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிக் கொடுத்த மென்பொருளே இன்னும் ஓடுகிறது. அவர் இப்போது இந்த ஊரில் இல்லை. ஏறத்தாழ 900 விவசாயிகளின் இலைக் கணக்கு அதில்தான் இருக்கிறது. புதியதற்கு எப்படி மாறுவது? (கணக்காளர், கோத்தகிரி)

பதில்: எந்த மென்பொருளை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன், உங்கள் இலைக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை ஒரு தாளில் முழுமையாக எழுதிவையுங்கள். எடை, ஈரத்துக்கான கழிவு, வண்டி வாடகை, முன்பணம், உரக்கடன் பிடித்தம் என்று ஒவ்வொன்றும் அதில் இருக்க வேண்டும்.

நம் மலையில் பசுந்தேயிலையின் விலை இலை வந்து இறங்கும் நாளில் முடிவாவதில்லை. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச விலையைப் பார்த்த பிறகே அந்த மாதக் கணக்கு முடிகிறது. பொதுவான வணிக மென்பொருள்களோ, கொள்முதல் பதிவாகும்போதே விலையும் தெரிந்திருக்கும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை. ஆகவே, எடையை மட்டும் பதிந்துவிட்டு, மாதம் முடிந்தபின் அத்தனை பதிவுகளுக்கும் ஒரே தடவையில் விலை ஏற்ற முடியுமா என்பதை விற்பவரிடம் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை ஏற்க வேண்டாம்.

அடுத்தது ஒத்திகை. முடிந்துபோன இரண்டு மாதக் கணக்கைப் புதியதில் மீண்டும் போட்டு, ஒவ்வொரு விவசாயிக்கும் கைக்கு வரும் தொகை பைசா சுத்தமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். நான் பணியாற்றிய ஒரு தொழிற்சாலையில் பழைய மென்பொருள் ஒவ்வொரு எடைச்சீட்டிலும் தொகையை முழு ரூபாயாக்கியது. புதியது மாதக் கடைசியில் ஒருமுறை மட்டும் அதைச் செய்தது. ஆளுக்குச் சில ரூபாய்தான் வித்தியாசம் என்றாலும், சீட்டுகளைக் கூட்டிப் பார்த்து வந்து நின்ற விவசாயிகளுக்கு நாங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது முற்றிலும் நியாயம். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு, ஒத்திகை இல்லாமல் எந்த இடத்திலும் நான் மென்பொருளை மாற்றுவதில்லை.

இலைக்கும் தூளுக்கும் உள்ள விகிதத்தையும் சோதியுங்கள். சுமார் நான்கு முதல் நான்கரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்ற வழக்கமான அளவிலிருந்து புதிய மென்பொருளின் இருப்புக் கணக்கு விலகிப்போனால், எங்கோ ஓர் எடை இருமுறை பதிந்திருக்கும் அல்லது விடுபட்டிருக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல் முதல் நாளில் எல்லாவற்றையும் மாற்றுவோம் என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள். வரவு செலவுப் பேரேட்டுக்கு அது சரியான நாள்தான். ஆனால் இலைக் கொள்முதலை உறைபனியால் வரத்து குறைந்திருக்கும் பிப்ரவரியிலேயே மாற்றிவிடுங்கள்; ஏப்ரலில் கொழுந்து பெருகும்போது பணியாளர்களின் கை பழகியிருக்கும். குன்னூர் தேயிலை ஏலம் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடுவதால், மாற்றும் வேலையைச் சனி, ஞாயிறில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய ஆண்டுகளின் பதிவுகள் அனைத்தையும் புதியதற்குக் கொண்டுவர வேண்டுமா? (காய்கறி மொத்த வியாபாரி, கேத்தி)

பதில்: வேண்டாம். நடப்பில் உள்ள பெயர்கள், நிலுவைகள், சரக்கிருப்பு ஆகியவை போதும். ஆனால் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதால், பழைய மென்பொருள் திறக்கும் நிலையில் ஒரு கணினியாவது இருக்கட்டும். புதிய பதிப்புக்கு மாற்றிய தரவு பெரும்பாலும் பழைய பதிப்பில் திறக்காது. மாற்றுமுன் எடுத்த நகல் தனியாக, வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் மிளகும் காப்பியும் வாங்கி விற்கும் பங்குதாரர் நிறுவனம். திருத்தங்களைப் பதிவு செய்யும் வசதி சட்டப்படி கட்டாயம் என்று மென்பொருள் விற்பவர் சொல்கிறார். உண்மையா? (கூடலூர்)

பதில்: 1.4.2023 முதல் அது கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்களுக்கே கட்டாயம், உங்களுக்கு இல்லை. இருந்தாலும் அந்த வசதி நல்லதே. நீங்கள் பார்க்க வேண்டியது மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்), அதாவது பில்லை அரசின் இணையதளத்தில் பதிந்து எண் பெறுவது. 2017-18 முதல் ஏதேனும் ஓர் ஆண்டில் விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டியிருந்தால், பிற வணிகர்களுக்கு விற்கும்போது அது கட்டாயம்.

கேள்வி: கிளவுடுக்குப் போகலாமா, அலுவலகத்திலேயே சர்வர் வைக்கலாமா? (சாக்லேட் மற்றும் தைலக் கடை, உதகை)

பதில்: இரண்டு கடைகளும் ஒரு கிடங்கும் உள்ள உங்களுக்குக் கிளவுட், அதாவது தரவை இணையம் வழியே வேறிடத்துச் சர்வரில் வைப்பது, வசதியானது. ஆயினும் நம் மழையை எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியதை நாம் மறக்கவில்லை. அவ்வளவு பெருமழை இல்லாத ஆண்டுகளிலும் ஆடிக் காற்றில் மரம் விழுந்து கம்பியும் கேபிளும் அறுந்துபோவது வழக்கம். ஆகவே இணையம் அறுந்தாலும் பில் போட்டு, பிறகு தானே சேர்த்துக்கொள்ளும் மென்பொருளையே தேர்ந்தெடுங்கள். வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட மோடம் ஒன்றும் தயாராக இருக்கட்டும். அலுவலகச் சர்வர்தான் என்றால், யுபிஎஸ்ஸோடு ஈரம் அண்டாத அறையும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவசப் பொது ஆதரவு 14.10.2025 அன்று முடிந்துவிட்டது. அதன்மீது புதிய மென்பொருளை நிறுவாதீர்கள்.

கேள்வி: எங்கள் எடை எழுத்தர்கள் புதியதைத் தொடவே தயங்குகிறார்கள். நோட்டுதான் நம்பிக்கை என்கிறார்கள். (தொழிற்சாலை மேலாளர், மஞ்சூர்)

பதில்: நோட்டைப் பிடுங்காதீர்கள். முதல் நான்கு வாரங்கள் நோட்டும் கணினியும் சேர்ந்தே நடக்கட்டும். தினமும் மாலையில் இரண்டின் மொத்தத்தையும் எழுத்தரையே ஒப்பிட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். திரையில் வரும் சொற்கள் தமிழிலும், அவர்கள் பயன்படுத்தும் வரிசையிலும் இருக்க வேண்டும். நோட்டில் விவசாயி எண், பெயர், மூட்டை, எடை, கழிவு என்று எழுதிப் பழகியவருக்கு, திரை வேறு வரிசையில் கேட்டால் இலை வண்டி வந்து நிற்கும் நேரத்தில் கை தடுமாறும். அந்த வரிசையை மாற்றித் தருவது மென்பொருள் அமைப்பவருக்கு அரைநாள் வேலை. அதைச் செய்து முடித்த பின்னரே மீதித் தொகையைக் கொடுங்கள்.