நடப்புச் செய்தியை மாணவர்களே ஆராய்ந்து வகுப்பில் எடுத்துரைக்கச் செய்வது எப்படி?

கடலூரில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கும் தாங்கள், மாணவர்கள் நாளிதழ்ச் செய்தியை வெட்டி ஒட்டி வாசித்துவிட்டு அமர்ந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தலைப்பு மிகப் பரந்திருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ‘வெள்ளம்’ என்று கொடுத்தால் தொகுப்புதான் வரும். ‘2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் எங்கெல்லாம், ஏன் புகுந்தது?’ என்று கேட்டால் தேடல் தொடங்கும்.

அதைத் தொடரும் மாணவர், நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டதையும், அந்நீர் விழுப்புரம் மாவட்டம் வழியாக வந்து கடலூரில் கடலைச் சேர்வதையும் இணைத்துப் பார்த்தாக வேண்டும். முன்னெச்சரிக்கை உரிய நேரத்தில் தரப்பட்டதா என்பதில் அரசும் எதிர்க்கட்சிகளும் மாறுபட்டுப் பேசின. ஆகவே இரண்டு நாளிதழ்களையாவது ஒப்பிட்டு, நடந்தது எது, ஒருவருடைய கருத்து எது என்று இரு நிறங்களில் அடிக்கோடிடச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இப்பயிற்சியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டினால், அது எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்பதையும் அவர்களே நிறுவ வேண்டும், ஏனெனில் 2015 வெள்ளத்தின் படம் எளிதில் 2024-இன் படமாகிவிடும்.

ஆற்றங்கரைக் குடும்பங்களிடம் பேசச் செல்பவர்கள், பெரியவர் ஒருவரின் துணையோடு சென்று, இழப்புற்றவர்களின் அனுமதி பெற்ற பின்பே குறிப்பெடுக்கட்டும்.

வகுப்பில் பேச ஐந்து நிமிடம் போதும். தாளை வாசிக்காமல் சிறு குறிப்புகளோடு பேசச் செய்து, கேள்விகளுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.