கடலோர ஊர்ச் சைரன்: 6 மீட்டர் கம்பம் போதுமா?

இரண்டு மாடிப் புயல் பாதுகாப்பு மையத்தை ஒட்டி 6 மீட்டர் கம்பத்தில் சைரன் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கட்டடமே சைரனைவிட உயரம். அதன் பின்னால் இருக்கும் தெருக்களுக்குச் சத்தம் மங்கித்தான் போகும். கம்பத்தடியில் நிற்பவர்களுக்கோ காது போய்விடும். ஆள் நிற்கும் இடத்தில் 123 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வழிகாட்டுதல்.

12 முதல் 15 மீட்டர் உயரம் வையுங்கள். சுற்றியுள்ள கூரைகளையும் தென்னை மட்டைகளையும் சைரனின் ஹாரன் (சத்தம் வெளிவரும் வாய்) தாண்டி நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். அதற்கு மேல் ஏற்றினால் பெரிய லாபமில்லை. காற்று விசையும் பழுதுபார்ப்புச் செலவும்தான் கூடும்.

15 மீட்டர் கம்பம் வாங்கினால் முழுதும் மேலே நிற்காது. நீளத்தில் பத்தில் ஒரு பங்கும் கூடுதலாக 60 செ.மீ.யும் மண்ணுக்குள் போகும், மிஞ்சுவது 12.9 மீட்டர். கடல் மணலில் இந்தக் கணக்கும் போதாது, கான்கிரீட் அடித்தளம் போட்டே ஆக வேண்டும்.

தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 10 டெசிபெல் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டரில் 120 என்றால் 960 மீட்டரில் 70. அலைச் சத்தத்தைவிட 10 டெசிபெலாவது கூடுதலாகக் கேட்க வேண்டும். ஆகவே கரையில் நின்று அலைச் சத்தத்தை அளந்த பிறகு இடத்தை முடிவு செய்யுங்கள்.

மொட்டைமாடியில்தான் வைக்க முடியும் என்றால் கைப்பிடிச் சுவரில் போல்ட் அடிக்காதீர்கள், அதிர்வில் செங்கல் விட்டுவிடும். தூண் தலைப்பில் பிடியுங்கள். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்தான் தாங்கும். பேட்டரிப் பெட்டியை வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியில் விழாத தூரம் கட்டாயம்.