டிரைவர் காலும் டோசர் பெடலும்

கேள்வி: ராணுவப் பொறியாளர் ரெஜிமென்ட் ஒன்றில் டிரைவராக இருக்கிறேன். இப்போது லடாக்கில் பணி, இன்னும் ஐந்து மாதம் பாக்கி. எங்கள் கம்பெனியில் மண் தள்ளும் டோசர் ஒன்றும் மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் ஒன்றும் உண்டு. ஆபரேட்டர் அண்ணன் “வா, சொல்லித் தருகிறேன்” என்கிறார். இங்கேயே பழகிக்கொள்ளலாமா? ஊருக்கு வந்த பிறகு இது சோறு போடுமா?

பதில்: தாராளமாகப் பழகலாம் தம்பி. ஆனால் அண்ணன் கூப்பிட்டார் என்பதற்காக ஏறிவிடாதீர்கள். எக்ஸ்கவேட்டர், டோசர் ஓட்டுவது ராணுவத்தில் தனி டிரேட். உங்கள் ஜேசிஓ (இளநிலை அதிகாரி) சாகிப் மூலமாகக் கம்பெனி கமாண்டரிடம் அனுமதி கேளுங்கள். அது எழுத்தில் இருக்கட்டும். அனுமதியில்லாமல் ஏறி, சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புச் செயின் ஒன்று கழன்றாலே விசாரணை வரும். உங்களோடு அண்ணனும் மாட்டுவார்.

அனுமதி கிடைத்ததும் லீவரைத் தொடாமல் பத்து நாள் கிரீஸ் கன்னைப் பிடியுங்கள். லடாக் குளிரில் பாதி வேலை சாவி போடுவதற்கு முன்பே நடக்கிறது. சாதாரண டீசல் அங்கே மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்துவிடும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசல் 2019-இல்தான் வந்தது. வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். காலி இடம் இருந்தால் ராத்திரியில் ஈரம் படிந்து டீசலில் தண்ணீர் இறங்கும். காலையில் ஸ்டார்ட் ஆனதும் வேலையில் இறங்காமல், ஹைட்ராலிக் ஆயில் இளகும் வரை முன்னால் இருக்கும் மண் தள்ளும் பிளேடை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். நிறுத்தும்போதும் மூன்று, நான்கு நிமிடம் ஐடிலில் விட்டு, டர்போ சூடு தணிந்த பிறகே அணைக்க வேண்டும்.

இனி சீட்டுக்கு வருவோம். நீங்கள் டிரைவர் என்பதுதான் எனக்குக் கவலை! லாரியில் வலது காலை அழுத்தினால் வண்டி சீறும். பெரும்பாலான டோசர்களில் காலடியில் இருப்பது டிசெலரேட்டர். அதை அழுத்தினால் எஞ்சின் வேகம் குறையும். வேகத்தை முதலிலேயே கை லீவரில் வைத்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் காலால் குறைப்பார்கள். பதற்றத்தில் கால் பழைய புத்திக்குத்தான் போகும். அதனால் சமதளத்தில், பிளேடைத் தூக்கி வைத்துக்கொண்டு, கால் மறக்கும் வரை முன்னும் பின்னும் ஓட்டுங்கள்.

அடுத்தது இறக்கம். ஸ்டியரிங் கிளட்ச் (ஒரு பக்கச் செயினுக்கு எஞ்சின் இணைப்பைத் துண்டித்து வண்டியைத் திருப்பும் அமைப்பு) உள்ள பழைய டோசரில் நான் பழகிய காலத்தில், இறக்கத்தில் இடப்பக்கம் திரும்ப இடது லீவரைப் பாதி இழுத்தேன். மூக்கு வலப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் பள்ளம். சொல்லிக்கொடுத்த உஸ்தாத் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. சமதளத்தில் எஞ்சின் இரண்டு செயினையும் தள்ளுகிறது. இறக்கத்திலோ பிடித்து நிறுத்துகிறது. பாதி இழுத்தால் இடது செயினுக்கு அந்தப் பிடி விட்டுப்போய், அது வேகமாக உருண்டு வண்டியை வலப்பக்கம் திருப்பிவிடும். லீவரை முழுக்க இழுத்தால்தான் பிரேக் விழுந்து இடப்பக்கம் திரும்பும். புதிய மாடல்கள் பலவற்றில் இந்தத் தொல்லை இல்லை. உங்களுடையது எந்த வகை என்று அண்ணனிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பள்ளத்து ஓரத்தில் மண்ணோ பனியோ தள்ளும்போது கடைசி லோடை விளிம்பிலேயே விட்டுவிட்டு, அடுத்த லோடால் அதைத் தள்ளுங்கள். செயின் விளிம்புக்குப் போகவே கூடாது. பனி மூடிய விளிம்பை நம்பாதீர்கள், அடியில் வெறும் காற்றாகக்கூட இருக்கும். பெல்ட் போடாமல் உட்காராதீர்கள். வண்டி சாய்ந்தால் குதிக்கத் தோன்றும். குதித்தவர் மேல்தான் வண்டி விழும்.

எக்ஸ்கவேட்டர் இதைவிடச் சுலபம் என்பார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: லீவர் அமைப்பு எல்லா வண்டியிலும் ஒன்றில்லை. சிலவற்றில் பூமை (வண்டியோடு இணைந்த பெரிய கை) ஏற்றி இறக்கும் லீவர் வலது கையில், சிலவற்றில் இடது கையில். வேறு வண்டியில் ஏறினால், சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்து, ஒவ்வொரு லீவராக மெதுவாக அசைத்துப் பாருங்கள்.

சோறு போடுமா என்றால், போடும். அதற்குக் காகிதம் வேண்டும். என்ன வண்டி, எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று தனி நோட்டில் எழுதி, வாராவாரம் அதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள். கட்டுமான இயந்திரத் துறைக்கென்றே ஒரு திறன் கவுன்சில் இருக்கிறது. முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வழி அங்கே உண்டு. ஓய்வு நெருங்கும்போது, படைவீரர்களுக்கான மறுவாழ்வு இயக்குநரகத்தின் பயிற்சிகளையும் விசாரியுங்கள். ஊரில் பொதுச்சாலையில் ஓட்ட அந்த வகை வண்டிக்கான உரிமம் தனியாக வேண்டும்.

ஐந்து மாதத்தில் ஆபரேட்டர் ஆகிவிட முடியாது. பிளேடு போன இடம் அலை அலையாக இல்லாமல் மட்டமாக வந்தால், அண்ணன் தன் டீ நேரத்தில் வண்டியை உங்களிடம் விட்டுவிட்டுப் போவார். அவ்வளவு வந்தால் போதும்.