பிளாக்ஆடர் பிடிக்கவில்லையா? இரண்டாம் தொடரிலிருந்து பாருங்கள்

வணக்கம். நண்பர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் 'பிளாக்ஆடர்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் உங்களுக்குச் சிரிப்பே வரவழைக்கவில்லை, இத்தோடு விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடாதீர்கள். நீங்கள் பார்த்தது 1983இல் வந்த முதல் தொடர். அதில் நாயகன் எட்மண்ட் ஒரு அசடு, வேலைக்காரன் பால்ட்ரிக்தான் விவரமானவன். எட்மண்டாக நடிக்கும் ரோவன் அட்கின்சன் முகத்தைக் கோணிக்கொண்டு அலறுவதே பாதி நகைச்சுவை. எனக்கும் அது ஒட்டவில்லை.

1986இல் வந்த இரண்டாம் தொடரில் எல்லாம் தலைகீழ். பென் எல்டன் எழுத வந்தார். எட்மண்ட் கூர்மையான ஆள், பால்ட்ரிக் அடிமுட்டாள். முதல் பகுதியை மட்டும் பாருங்களேன்: ஆண் வேடத்தில் வேலைக்கு வந்த பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்து, நமக்கு என்ன ஆயிற்று என்று குழம்பி எட்மண்ட் மருத்துவரிடம் ஓடுவான். அவரோ எந்த நோய்க்கும் ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிதான் மருந்து என்பார்!

'மிஸ்டர் பீன்' மாதிரி எதிர்பார்க்காதீர்கள். இங்கே சுவையெல்லாம் வசவில்தான், அதனால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் உலகப்போர்ப் பதுங்குகுழியில் நடக்கும் நான்காம் தொடரைக் கடைசியில் பாருங்கள், அதன் முடிவு மனதை உலுக்கிவிடும்.

இரண்டாம் தொடரும் பிடிக்கவில்லையென்றால், சரி, தாராளமாக 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற இன்னொரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் பக்கம் போய்விடுங்கள்.